குளிரில் சாகிற மருந்து

ஐஸ்பேக்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தப் புதன்கிழமை காலையில் அது சலசலக்கவில்லை. குச்சி இரண்டு தடவை காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். செங்கல்லை ஆட்டியது போல இருந்தது. வாசலில் வண்டியின் ஹாரன் மூன்றாவது முறையாக அலறியது.

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்குகளை மேசையில் பரப்பி வைக்க வேண்டும். அவை வியர்த்து, உள்ளே கொஞ்சம் உருகி, ஆட்டினால் தண்ணீர் பேசுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தடுப்பூசிப் பெட்டிக்குள் அடுக்கலாம். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும், சில நாள் முக்கால் மணி கூட ஆகும். குச்சி அன்றைக்கு எழுந்ததே தாமதம்.

"ஏ குச்சி! பெட்டியை அடுக்குறியா, இல்ல அதுக்குள்ள நீயே படுத்துட்டியா?" வண்டி ஓட்டுகிற அண்ணன் வெளியிலிருந்து கத்தினார்.

"வரேண்ணே! ஒரே நிமிஷம்!"

"உன் ஒரு நிமிஷத்துல நான் ஊருக்குப் போய் பொண்ணு பார்த்துட்டு வந்துடுவேன்!"

இந்தச் சுகாதார நிலையத்துக்குச் செவிலியர் பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவளுக்குக் குச்சி என்று பெயர் வைத்தவர் அவர்தான். பதினெட்டு வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைதான் உடம்பிலேயே கனமான பொருள் என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

குச்சி நாலு ஐஸ்பேக்கையும் அப்படியே பெட்டியின் நாலு பக்கமும் செருகினாள். நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து மூடினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையை எழுதியதே அவள்தான். சிவப்பு மையில் ஒரு பக்கம்: போலியோ சொட்டு மருந்து, பிசிஜி, தட்டம்மை ஊசி. இவற்றில் உயிரோடிருக்கும் கிருமியை வலுவிழக்கச் செய்து வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டால் சாகும், ஐஸில் கிடந்தால் தூங்கும். நீல மையில் இன்னொரு பக்கம்: கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடுகிற ஊசி, ரணஜன்னி ஊசி. இவற்றில் உயிர் இல்லை. செத்த கிருமியின் துண்டுகளும் வீரியம் நீக்கிய கிருமி விஷமும்தான் ஓர் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறைந்தால் அந்த உப்பு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். மறுபடி உருகினாலும் அது மருந்தல்ல, வெறும் கலங்கல் தண்ணீர். நீலப் பக்கத்துக்குக் கீழே 'குளிரில் சாகும்' என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று தலைமைச் செவிலியரான பெரிய சிஸ்டர் சொன்னார்.

வண்டி தையல் ஆலையின் வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலையில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் இடம். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். குச்சியின் அக்காவும் அங்கேதான் இருந்தாள். நடுவில் இருந்த பொதுக்கூடத்தில் பெரிய சிஸ்டர் ஏற்கெனவே மேசை போட்டு, கை கழுவி, ஊசி வெட்டுகிற சின்ன இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தைகள் வரப்போவது தெரிந்தது போல முன்கூட்டியே அழுதன.

குச்சி முதல் குப்பியை எடுத்தாள். உள்ளே மருந்து அசையவில்லை. ஓரத்தில் பனி நூல் நூலாக ஓடியிருந்தது.

அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். 'சிஸ்டர், இது உறைஞ்சு போச்சு.' அவ்வளவுதான். ஆனால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போகச் சொன்னால் யாரைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். குச்சி குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். மேசைக்கு அடியில் இன்னொரு கையால் மூடி இறுக்கிப் பிடித்தாள். பனி கரைந்தது. ஆட்டினாள். வெள்ளையாகக் கலங்கி, பார்வைக்குச் சரியாகவே இருந்தது. நீட்டினாள்.

பெரிய சிஸ்டர் குப்பியை வாங்கும்போது அது சில்லென்று இல்லாததைக் கவனித்தார். "கையில வச்சு குளிரை எடுத்துட்டா கொடுக்குற? நல்ல பிள்ளை. சில்லுனு போட்டா பாவம், அதுங்களுக்கு ரொம்ப வலிக்கும்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அடுத்த குப்பிகளையும் அப்படியே உள்ளங்கையில் உருக்கிக் கொடுத்தாள்.

பெரிய சிஸ்டர் ஒவ்வொரு குழந்தைக்கும் அதே மூன்று கேள்வி கேட்பார். சொந்த மகள் வந்து உட்கார்ந்தாலும் கேட்பார். "கடைசியா எப்ப ஊசி போட்டது? இப்ப காய்ச்சல் இருக்கா? போன தடவை போட்டப்ப வலிப்பு மாதிரி ஏதாவது வந்துச்சா?" பதிவேட்டைப் பார்த்து முதல் கேள்விக்குப் பதில் சொல்வது குச்சியின் வேலை. அப்புறம் குழந்தையின் முழங்காலுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடையின் வெளிப்பக்கச் சதையில் ஊசி நேராக இறங்கும். "தேய்க்கக் கூடாதும்மா. அரை மணி நேரம் இங்கயே உட்காருங்க. ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. அட்டையைப் பத்திரமா வையுங்க."

அன்றைக்கு இருபத்து மூன்று குழந்தைகள். அதில் பதினொன்றுக்கு அதுதான் முதல் ஊசி. அந்தப் பதினொன்றில் அக்காவின் மகள் குண்டுவும் ஒருத்தி. அக்கா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பட்டன் அக்காவின் மகனும் ஒருவன். பட்டன் அக்கா ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக்குப் பட்டன் வைப்பவள், அதனால் அந்தப் பெயர். இருபத்து மூன்று அட்டையிலும் தேதியை எழுதியது குச்சியின் அழகான கையெழுத்து.

மிச்சமிருந்த முழுக் குப்பி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்ததும் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் பின்னால் தள்ளி வைத்தாள். வேறு யாருக்கும் போட்டுவிடக் கூடாதே. அடுத்த மாசம் எல்லாருக்கும் எப்படியும் அடுத்த ஊசி போடத்தானே போகிறோம், ஒன்று குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று படுக்கையில் கணக்குப் போட்டாள். முதல் வாரம் அந்தக் கணக்கு நின்றது. இரண்டாவது வாரம் தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம் சனிக்கிழமை பட்டன் அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன குச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற? காலையில ஒண்ணும் சாப்பிடலயா?" என்றாள் பட்டன் அக்கா. அவள் கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது. "நாலு நாளா இவன் தூங்க விடல சிஸ்டர். இருமுனா இருமிக்கிட்டே இருக்கான். மூச்சு விடக்கூட நேரம் இல்லாம இருமுறான்."

அன்று டாக்டர் விடுப்பு. அறுபது பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சிஸ்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். குழந்தை அந்த நேரம் பார்த்து இருமவில்லை. பொம்மை போல முழித்துக்கொண்டு கிடந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு நோய் ஊசி போட்டாச்சே. மூணு வாரம் ஆச்சு." பெரிய சிஸ்டரின் முகம் தளர்ந்தது. "அப்ப சளியாத்தான் இருக்கும். மூக்குக்குச் சொட்டு மருந்து தரேன். பால் குடிக்கலைன்னா உடனே தூக்கிட்டு வா, என்ன?"

குச்சி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா அதே இடத்தில் நின்று, மை ஊறி, காகிதத்தில் ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. வாயைத் திறந்தாள். பட்டன் அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "சாப்பிடு முதல்ல" என்று சொல்லிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மதியம் செய்தி வந்தது. வரிசை வீடுகளில் ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கக்குவான் இருமல். சின்ன வயதில் ஊசியே போடாத பையன். அங்கே இன்னும் நாலைந்து பேர் இருமுகிறார்களாம். பெரிய சிஸ்டர் தொலைபேசியில் பேசிவிட்டு, "நல்லவேளை, கைக்குழந்தைங்களுக்கெல்லாம் போன மாசமே போட்டுட்டோம்" என்றார்.

குச்சி கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, திறந்திருந்த நல்ல குப்பியிலிருந்து அரை மில்லி உறிஞ்சினாள். ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது என்பது முதல் நாள் பாடம். மூடி போட்டாள். ஃபிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அதில் மிதக்கவிட்டாள். இந்தத் தடவை ஐஸ் போடவில்லை.

அக்கா கதவைத் திறந்தபோது மணி பத்தாகிவிட்டது. மாமாவுக்கு இரவு ஷிஃப்ட்.

"என்னடி, இந்த நேரத்துல?"

"குண்டுவைப் பார்க்கணும் போல இருந்துச்சு."

"ஏன், பகல்ல பார்த்தா கரைஞ்சுடுவாளா? இப்பதான் தூங்க வச்சேன். எழுப்புன, உன்னையே தாலாட்டுப் பாட வச்சுடுவேன்." அக்கா தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

குச்சி கையைக் கழுவினாள். பாயில் கிடந்த குழந்தையின் தொடையை ஈரப் பஞ்சால் துடைத்தாள். இடது கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. குண்டுவின் அலறலில் அக்காவின் கையிலிருந்த சொம்பு தரையில் உருண்டது.

"அடிப்பாவி! தூங்குற பிள்ளையை என்னடி பண்ண?"

"சத்தம் போடாதக்கா. உன் காலைப் பிடிச்சுக்குறேன், சத்தம் போடாத."

"என்ன ஊசிடி அது?"

அப்போதுதான் எல்லாம் வந்தது. ஒழுங்காக வரவில்லை. ஐஸ்பேக், ஹாரன், உள்ளங்கை, பாராட்டு, பேனா மை என்று முன்னுக்குப் பின்னாகக் கொட்டியது. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். குண்டு விசும்பி விசும்பி அடங்கினாள்.

"அப்ப அன்னைக்குப் போட்டது?"

"தண்ணிக்கா. வெறும் தண்ணி."

குச்சியே தொடர்ந்தாள். "எனக்குப் பயமா இருக்குக்கா. ராத்திரியெல்லாம் கண்ணை மூடுனா அந்தக் குப்பிதான் வருது. யார்கிட்டயாவது சொல்லிட்டா தேவலைன்னு இருக்கு. சொன்னா என்னை என்ன பண்ணுவாங்கன்னும் தெரியல."

அக்கா குண்டுவைப் பாயில் கிடத்தினாள். "இப்ப இவளுக்குச் சரியாயிடுச்சா?"

"ஒரு ஊசியில முழுசா வராதுக்கா. மூணும் போட்டாத்தான் சரியா வரும். ஆனா ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்கு இது…"

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கு மட்டும்தான்."

"அப்ப என்னோட போகட்டும்." அக்காவின் குரல் தணிந்தது. "கேளு. நீ வேணும்னா பண்ண? அவசரத்துல ஆகிப்போச்சு. அடுத்த மாசம் எல்லாத்துக்கும் போடத்தானே போறாங்க? இப்ப போய் வாயைத் திறந்தா உன் படிப்பு போச்சு, அப்பா தூக்குல தொங்கிடுவாரு, இங்க நான் குடியிருக்க முடியாது. புரியுதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்தது.

முதலில் சின்னதாக இரண்டு. அப்புறம் சங்கிலி போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. குச்சி தன்னையறியாமல் எண்ணினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. இடையில் மூச்சே இல்லை. பிறகு எல்லாம் நின்றுபோய், உலகமே நின்றுபோனது போல ஒரு இடைவெளி. அப்புறம் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு காற்றை உள்ளே இழுக்கிற ஒரு கூவல். பட்டன் அக்காவின் குரல், "அப்பா, அப்பா, மூச்சு விடுப்பா, அம்மா இருக்கேன்ல" என்றது.

அக்கா எழுந்து போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். விசிறி கடகடவென்று சுற்றியது. அவள் குச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சளி இல்லக்கா."

"நீ டாக்டரா?"

"அட்டையைப் பார்த்துத்தான் சளின்னு சொன்னாங்க. அட்டையில நான் எழுதியிருக்கேன். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் முதல்ல அட்டையைத்தான் பார்ப்பாங்க."

"நீ சொன்னா அந்த இருமல் நின்னுடுமா?" என்றாள் அக்கா. "போ. போய்ப் படு. காலையில பேசிக்கலாம்."

வெளியே வந்தபோது பட்டன் அக்கா வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. குச்சி கதவு வரைக்கும் போனாள். தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே இருமல் மறுபடி ஆரம்பித்தது. கையை இறக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக விடுதிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றாள். நல்ல மனசால் அல்ல. இன்னொரு ராத்திரி அந்தக் கூவலை நினைத்துக்கொண்டு படுக்க முடியாது என்பதால்தான். சொல்லி முடித்தபோது பெரிய சிஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தக் குப்பி இருக்கா?"

ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெரிய சிஸ்டர் புதுக் குப்பி ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ஒன்றாக ஆட்டி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல குப்பி மோர் மாதிரி சீராக வெளுத்து நின்றது. மற்றதில் சின்னச் சின்னத் திப்பி மிதந்தது, கீழே இறங்கியது, அடியில் சுண்ணாம்பு போலப் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீர். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இருபத்து மூணு" என்றார் பெரிய சிஸ்டர். "என் கையால போட்டேன். ஒரு தடவையாவது வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேனா? பார்க்கல. உன்னைப் பாராட்டிக்கிட்டு இருந்தேன்."

"சிஸ்டர்…"

"அழாத, அழறதுக்கு நேரமில்ல. வேற ஏதாவது என்கிட்ட சொல்லணுமா? இப்பவே சொல்லிடு."

குண்டுவின் தொடை குச்சியின் கண்ணில் வந்து போனது. "இல்ல சிஸ்டர்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டன் அக்கா மகனின் உதடு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. இருமக்கூடத் தெம்பில்லை. வழியெல்லாம் பெரிய சிஸ்டர் ஆக்சிஜன் குழாயை மூக்கோரம் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டும் அண்ணன் ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பட்டன் அக்கா அட்டையை நீட்டி, "எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டர், பாருங்க" என்றாள். பெரிய சிஸ்டர் குறுக்கே புகுந்து, "அந்த அட்டையை நம்பாதீங்க டாக்டர். போட்ட ஊசி வேலை செய்யல. கக்குவான்னே வச்சு வைத்தியம் பாருங்க" என்றார். பட்டன் அக்கா அவரையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது புரியவில்லை. அன்று சாயங்காலம் வராந்தாவில் உட்கார வைத்துப் பெரிய சிஸ்டர் புரிய வைத்தார்.

பட்டன் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நல்ல ஊசியா இருந்திருந்தா இவனுக்கு வந்திருக்காதா?"

"தெரியலம்மா. முதல் ஊசி மட்டும் போட்ட பிள்ளைக்கும் வரலாம். வந்தா இவ்வளவு மோசமா வராம இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

வியாழக்கிழமை விடியற்காலையில் குழந்தை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அதே பொதுக்கூடத்தில், அதே மேசை. புதன்கிழமையே பெரிய சிஸ்டர் வீடு வீடாக ஏறி இறங்கி நடந்ததைச் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் மறுபடி ஊசி. தாய்மார்கள் வந்தார்கள். திட்டிக்கொண்டே வந்தார்கள், ஆனால் வந்தார்கள். பக்கத்தில் ஒரு சாவு விழுந்திருக்கும்போது வராமல் எப்படி இருப்பார்கள்?

"இந்தப் பொண்ணுதானே?" என்றாள் ஒருத்தி.

"சின்னப் பொண்ணு, ஏதோ பதட்டத்துல பண்ணிடுச்சு. தானா வந்து சொன்னாளாம், அதுவரைக்கும் பரவால்ல" என்றாள் வயதில் மூத்தவள் ஒருத்தி. "இங்க எத்தனை பேர் தப்பைத் தானா சொல்றாங்க? நம்ம சூப்பர்வைசர் சொல்லுவானா?"

யாரோ சிரிக்கவும் செய்தார்கள். குச்சிக்கு அந்தச் சிரிப்பு, தண்ணீரில் மூழ்குகிறவளுக்குக் காற்று கிடைத்தது போல இருந்தது. தலை நிமிராமல் பதிவேட்டைப் பார்த்துத் தேதி சொன்னாள், குழந்தைகளின் காலைப் பிடித்தாள். ஐஸ்பேக்குகளை அன்று பெரிய சிஸ்டரே ஆட்டிப் பார்த்து அடுக்கியிருந்தார். ஒவ்வொரு குப்பியையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபிறகே மூடியைத் திறந்தார்.

ஒன்பது குழந்தைகள் முடிந்தன. பத்தாவதாக அக்கா வந்து நின்றாள், இடுப்பில் குண்டு.

குச்சி விறைத்துப்போனாள். அக்கா குனிந்து குழந்தையை மேசையில் கிடத்துகிற சாக்கில் அவள் காதில் முணுமுணுத்தாள். "எல்லாரும் வராங்க, நான் மட்டும் வரலைன்னா சந்தேகப்படுவாங்க. இன்னொண்ணு போட்டா செத்தா போயிடுவா? பேசாம இரு."

பெரிய சிஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குண்டுவின் தொடையைத் துடைத்தார். பஞ்சு ஓரிடத்தில் நின்றது. நாலு நாளைக்கு முந்தின தடிப்பு, நடுவில் சின்னச் சிவப்புப் புள்ளி, இன்னும் வற்றவில்லை. அவர் கொசுக்கடி என்று நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். வழக்கமான குரலில் கேட்டார்:

"கடைசியா எப்ப ஊசி போட்டது?"

பதிவேட்டில் அந்தப் புதன்கிழமைத் தேதி இருந்தது. அதைப் படித்தால் போதும். அக்காவின் விரல்கள் மேசை விளிம்பில் வெளுத்துப்போயிருந்தன. குச்சி தேதியைப் படிக்க வாயெடுத்தாள். இந்தப் பதிலை நம்பித்தான் அந்தக் கை அடுத்து இறங்கும். சனிக்கிழமையும் அந்தக் கை அப்படித்தான் நம்பியது.

"திங்கக்கிழமை" என்றாள்.

"எந்தத் திங்கக்கிழமை?"

"இந்தத் திங்கக்கிழமைதான் சிஸ்டர். நான் போட்டேன். நல்ல குப்பியிலேருந்து எடுத்துட்டு வந்து, ராத்திரி வீட்டுல வச்சுப் போட்டேன். இவளுக்கு இப்ப வேண்டாம்."

அக்கா குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். கூடத்தில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு அது பரவியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பரிந்து பேசிய மூத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப திங்கக்கிழமையே உனக்குத் தெரியும். உங்க அக்கா பிள்ளைக்கு மட்டும் ராத்திரியோட ராத்திரியா வந்து போட்டுட்டு, எங்க பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டுப் போன. அப்படித்தானே?"

"செவ்வாக்கிழமை காலையில சொல்லிட்டேன்…"

"உன் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுட்டு, அப்புறம் சொன்ன."

கூட்டம் ஒரு பக்கமாக விலகியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பட்டன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. இடுப்பில் குழந்தை இல்லாமல் அவளை இந்த வரிசை வீடுகளில் யாரும் மூன்று மாதமாகப் பார்த்ததில்லை. ஒரு கை மட்டும் பழக்கதோஷத்தில் இடுப்போரம் வளைந்தே இருந்தது.

"ராத்திரி குண்டு அழுதா" என்றாள். சத்தமாகப் பேசவில்லை. "திங்கக்கிழமை ராத்திரி. எனக்குக் கேட்டுச்சு. பாவம், பிள்ளைக்கு வயித்து வலி போலன்னு நினைச்சேன். விடிஞ்சதும் என்னன்னு கேட்கணும்னு நினைச்சேன்."

குச்சி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் பிள்ளை இருமிக்கிட்டு இருந்தான். உங்களுக்குக் கேட்டுச்சா?"

அக்கா அழ ஆரம்பித்தாள். பட்டன் அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. குச்சியையே பார்த்தாள்.

"கேட்டுச்சு" என்றாள் குச்சி.

பட்டன் அக்கா தலையை ஆட்டினாள், தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொண்டவள் போல. திரும்பி நடந்தாள். வெளியே வெயிலில் அவள் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

பெரிய சிஸ்டர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. போய்க் கையை மறுபடி கழுவிவிட்டு வரக்கூட இல்லை, மேசையிலேயே கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்துக்கொண்டார். இன்னும் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தன.

"அடுத்தது" என்றார்.

வரிசை அசையவில்லை. பிறகு, இரண்டு மாதப் பையனோடு நின்ற பெண் ஒருத்தி முன்னால் வந்து குழந்தையைக் கிடத்தினாள். குச்சி காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"நீ தொடாத" என்றாள் அந்தப் பெண். "நானே பிடிச்சுக்குறேன்."

அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. பாதத்தைப் பிடித்தாள், குழந்தை உதைத்துத் தள்ளியது. குச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"முழங்காலுக்கு மேலக்கா" என்றாள். "அழுத்த வேண்டாம். அசையாம பிடிச்சுக்கிட்டா போதும். ஊசி எடுத்ததுக்கு அப்புறம் தேய்க்காதீங்க."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் கையை மேலே நகர்த்திப் பிடித்தாள்.